சோம்பேறியைத் தூக்கிய நாள்

ரயில் நிலையத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் கல் மனிதனுக்கு, அவனைச் செதுக்கிய என் அக்கா வைத்த பெயர் 'உழைப்பு'. பீடத்தில் அப்படித்தான் வெட்டியிருக்கிறது. அந்த எழுத்தை வெட்டியவள் நான். ஊர் அவனுக்கு வைத்த பெயர் சோம்பேறி. ஒரு சுமைதூக்கி மூட்டையை முதுகுக்குப் பின்னால் போட்டுச் சாய்ந்துகொண்டு, இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்து உட்கார்ந்திருந்தால் வேறு என்ன சொல்வார்கள்? "சோம்பேறிகிட்ட நில்லு, இதோ வந்துடறேன்" என்று போனில் சொல்லாத ஆளே இங்கே கிடையாது. பிள்ளைகளை அவன் மடியில் உட்கார வைத்துப் படம் எடுத்து எடுத்து வலது தொடை பளபளவென்று ஆகிவிட்டது. கல்லுக்கு மெருகு போடுவது என் தொழில். நான் போட்டதைவிட ஊர் போட்ட மெருகு நன்றாக இருக்கிறது என்று சொல்ல எனக்கு வெட்கம்தான்.

அந்தச் சோம்பேறியால்தான் அக்கா எழுந்தாள். அதற்கு முன்னால் அவளுக்குக் கிடைத்ததெல்லாம் கல்லறைப் பலகைகளும் வங்கி வாசலுக்கு இரண்டு சிங்கங்களும். அவனுக்குப் பிறகு பத்துப் பதினோரு ஊர்களில் அவளுடைய கல் ஆட்கள் ஓய்வெடுக்கிறார்கள். ஸ்டியரிங் மேல் தலை சாய்த்துத் தூங்கும் ஓட்டுநர். சுவரில் ஒரு காலை ஊன்றி நிற்கும் நர்ஸ். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஆசிரியை. மைக் கிடைத்த இடத்திலெல்லாம் அவள் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "உழைக்கிறவனை எல்லாரும் நிற்க வைத்தே செதுக்கினார்கள், நான் அவனுக்கு ஓர் இருக்கை கொடுத்தேன்." கை தட்டுவார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து நானும் தட்டுவேன்.

அவன் நிற்பதாகத்தான் இருந்தது. போட்டியில் தேர்வான மாதிரியில் தலையில் மூட்டையோடு நிமிர்ந்து நின்றான். மூன்றாவது மாதம், தோள்வரை வேலை வந்த பிறகு, கல்லுக்குள் ஓடிய ஒரு விரிசல் ரேகையில் மேல்பகுதி முழுவதும் பிளந்து கீழே விழுந்தது. மூன்று நாள் அக்கா பட்டறைக்குள் வரவே இல்லை. நான்காம் நாள் வந்து, மிச்சமிருந்த கல்லைச் சுற்றிச் சுற்றி நடந்துவிட்டு, கரித்துண்டால் அதன்மேல் உட்கார்ந்த ஒருவனை வரைந்தாள். "இது போதும்டி" என்றாள். தேர்வுக் குழுவிடம், சிந்தித்துப் பார்த்ததில் கருத்து மாறிவிட்டது என்று எழுதிக் கொடுத்தாள். குழு சண்டை போட்டது. பத்திரிகைகள் கொண்டாடின. அதோடு முடிந்திருந்தால் அது ஒரு கெட்டிக்காரத்தனம், அவ்வளவுதான். நானே எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருப்பேன்.

முடியவில்லை. திறப்பு விழாவுக்கு ஐந்து வாரம் இருக்கும்போது இன்னொரு ரேகையைக் கண்டேன். வலது இடுப்பில் தொடங்கி, முதுகைச் சுற்றி, இடது விலாவில் முடிந்தது. இன்னொரு தடவை கருத்தை மாற்றுவதற்குக் கல்லும் இல்லை, நாளும் இல்லை. ஒப்பந்தத்தில் 'பழுதற்ற ஒரே கல்' என்று இருந்தது. கல்பொடியையும் பசையையும் நிறம் ஒத்து வரும்வரை ஆறு தடவை கலந்தவள் நான். உள்ளே செலுத்தியவள் நான். தேய்த்து மறைத்தவளும் நான். அந்த வேலையில் என் கைக்கு ஈடு கிடையாது. பெருமையாகவா சொல்கிறேன்? வயிற்றெரிச்சலாகச் சொல்கிறேன்.

இருபத்திரண்டு வருடம் ஒன்றும் ஆகவில்லை. ஆகாது. உட்கார்ந்திருக்கிறவனின் எடையே அந்த விரிசலை அழுத்தி மூடி வைத்திருக்கும். கல் எவ்வளவு அழுத்தத்தையும் தாங்கிக்கொள்ளும், இழுத்தால்தான் தாங்காது. அவனை யாராவது மேலே பிடித்துத் தூக்கினால் ஒழியக் கவலையில்லை. சுமைதூக்கியைப் போய் யார் தூக்கப் போகிறார்கள் என்று இருந்துவிட்டோம்.

போன வியாழக்கிழமை நகராட்சிப் பொறியாளர் பட்டறைக்கு வந்தார். மேம்பாலத்தின் தூண் ஒன்று சரியாகச் சோம்பேறி இருக்கும் இடத்தில் வருகிறதாம். சாலைக்கு அந்தப்பக்கம் இருக்கும் பூங்காவுக்கு அவனை மாற்றப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிரேன். அவர் வரைபடத்தை விரித்தார். மார்பைச் சுற்றி, கைகளுக்கு அடியில், இரண்டு பெல்ட். விரிசலுக்கு மேலே இரண்டு பெல்ட்! இடுப்பும் கால்களும் பீடமும் அந்தப் பசையை நம்பித் தொங்கப் போகின்றன.

"பழைய ரிப்பேர் ஏதாவது உண்டா மேடம்? ஒட்டுப் போட்டது, பசை வெச்சது? இருந்தா பீடத்துக்கு அடியிலேர்ந்து மரச்சட்டம் குடுத்துத் தூக்கிடலாம். ஒரு வாரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். சும்மா ஃபார்முக்காகக் கேக்குறேன்."

அவர் தட்டில் வைத்துக் கொடுத்த வாய்ப்பு அது. அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒரே கல்லு சார். ஒரு பழுதும் கெடையாது."

கையெழுத்துப் போட்டாள். அடுத்த மாதம் அவளுடைய நாற்பது வருட வேலையைப் பற்றிப் பெரிய புத்தகம் வருகிறது. அட்டையில் சோம்பேறி. முதல் அத்தியாயத்தின் தலைப்பு 'ஓர் இருக்கை'. பேனாவை மூடும்போது அவள் மனதில் ஓடியது அதுதான் என்று எனக்குத் தெரியும். ஒரே வீட்டில் ஐம்பது வருடம் இருந்துவிட்டால் அடுத்தவர் மனதைப் படிக்கத் தனியாகப் படிப்பு வேண்டியதில்லை.

பொறியாளரின் வண்டி தெரு திரும்பியதும் நான் கத்த ஆரம்பித்தேன்.

"உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா? கீழ ஆளுங்க நிப்பாங்க!"

"ஒடையாது."

"எப்படித் தெரியும்?"

"பசை கல்லவிட உறுதி. நீதான் சொல்லுவ."

"புதுசா இருக்கறப்போ சொன்னேன். இருபத்திரண்டு வருஷம் வெயில்ல வெந்திருக்கு. அது எப்படி இருக்குன்னு எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. போன் பண்ணு. ஒட்டுப் போட்டது இப்பதான் ஞாபகம் வந்துச்சுன்னு சொல்லு."

"ஒரு ஒட்டு இருக்குன்னா ஏன்னு கேப்பாங்க. எப்போன்னு கேப்பாங்க. மேல இருந்த கல்லு எங்கன்னு கேப்பாங்க. ஒண்ணப் புடிச்சு இழுத்தா எல்லாம் வந்துடும்டி. அவன் உக்காந்ததே ஒரு விபத்துன்னு ஆயிடும். அப்புறம் நான் செஞ்சதெல்லாம் என்ன? அந்த டிரைவர், நர்ஸ், எல்லாம்?"

"அதெல்லாம் நல்ல வேலைதான். யாரு இல்லன்னாங்க?"

"நீ சொல்லுவ. அவங்க சொல்ல மாட்டாங்க."

"சனிக்கிழமைக்குள்ள நீ சொல்லல, நான் சொல்லிடுவேன்."

"சொல்லேன்" என்றாள் அக்கா. மெதுவாகத்தான் சொன்னாள். "கலந்தது யாரு, பூசுனது யாரு, அதையும் சேத்துச் சொல்லு."

அந்த நிமிடம் அவளை எனக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை முழுக்க நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. சனிக்கிழமை மதியம் பொறியாளருக்குப் போன் போட்டேன். அவர் எடுத்து, "சொல்லுங்கம்மா" என்றார். "நாளைக்கு எத்தனை மணிக்கு சார் கிரேன்?" என்று கேட்டேன். ஆறரைக்கு என்றார். நன்றி சொல்லி வைத்துவிட்டேன். ஊரில் என் வாய்க்குப் பயந்து ஒதுங்கிப் போகிறவர்கள் உண்டு. அந்த வாய் அன்றைக்கு அவ்வளவுதான் பேசியது.

ஞாயிற்றுக்கிழமை சாலையை இரண்டு பக்கமும் மறித்திருந்தார்கள். வேடிக்கை பார்க்க ஐம்பது அறுபது பேர். கிரேன் மேஸ்திரி தடித்த ஆள், கழுத்தில் விசில். கிரேனுக்குள் ஓட்டுநர். சிலைக்கு முன்னால், இடமும் வலமுமாக, வழிகாட்டும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர். இடப்பக்கம் நின்றவருக்கு ஐம்பது வயது இருக்கும், நரைத்த மீசை. கயிற்றை உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, சோம்பேறியின் முகத்தை அண்ணாந்து பார்த்து, "எந்திரிப்பா, வேலைக்குப் போலாம்" என்றார். கூட்டம் சிரித்தது. கல் விரிசலில் விட்டுப்போனால் எந்தப்பக்கம் சாயும் என்று நான் வியாழக்கிழமையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். முன்பக்கம்தான். வேறு பக்கம் சாய வழியே இல்லை.

பெல்ட்டுகளை மாட்டினார்கள். அக்கா பொறியாளர் பக்கத்தில் பட்டுப்புடவையில் நின்றாள். மேஸ்திரி அவளிடம் போய்த் தொப்பியைக் கழற்றினார்.

"மேடம், எங்க ஆளுங்கள்ள ஒரு வழக்கம். சிலை தூக்கறப்போ, அதைச் செஞ்சவங்க இருந்தா, அவங்கதான் கை வெச்சு அனுப்பணும். கை எட்டற வரைக்கும் கூட வரணும். அப்பதான் எங்களுக்கும் தைரியமா இருக்கும். முடியாதுன்னா பரவால்ல."

அடுத்த நொடி அவள் முகத்தைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்ல ஆயிரம் சாக்கு இருந்தது. முழங்கால் வலி, புடவை, வயது. அவள் ஒன்றையும் சொல்லவில்லை. "குடுங்க" என்று ஹெல்மெட்டைக் கேட்டாள். கொண்டை இடித்தது. இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டுக் கொண்டையை அவிழ்த்துப் போட்டு மாட்டிக்கொண்டாள். அதற்கும் கூட்டம் சிரித்தது. எனக்குப் புரிந்துவிட்டது. விழுந்தால் தன்மேலும் விழட்டும் என்று முடிவு பண்ணிவிட்டாள். உயிரே போனாலும் சரி, அந்த முதல் அத்தியாயம் போகக்கூடாது.

அவள் போய்ச் சிலைக்கு நேர் முன்னால் நின்று, பளபளத்த அந்தத் தொடையில் வலது கையை வைத்தாள். இரண்டு கயிற்றுக்காரர்களும் அவளுக்கு ஆறடி தூரத்தில். மேஸ்திரி விசில் ஊதினார். கிரேன் உறுமியது. பெல்ட்டுகள் மெல்ல மெல்ல விறைத்தன. தூசி உதிர்ந்தது.

'படக்'கென்று ஒரு சத்தம்.

கூட்டம் பின்வாங்கியது. "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல, அடியில பழைய சிமென்ட் விடுது" என்று மேஸ்திரி கத்தினார். இருக்கலாம். சிமென்டாகவே இருக்கலாம். அக்காவின் கை தொடையிலேயே இருந்தது. அவள் கண்களை மூடிக்கொண்டிருந்தாள்.

நான் தடுப்புக் கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே நுழைந்தேன். நடந்தேனா ஓடினேனா தெரியாது. "ஏம்மா! ஏம்மா, வெளிய போங்க!" என்று யாரோ கத்தினார்கள். நரைத்த மீசைக்காரரை உரசிக்கொண்டு போய் அக்காவின் பக்கத்தில் நின்று, இன்னொரு தொடையில் என் கையை வைத்தேன்.

"என்னடி பண்ற?" என்றாள். உதடு அசையாமல் பேசினாள்.

"நான்தானே பூசுனேன். நானும் கை வெக்கணும்ல?"

"போடி அந்தப் பக்கம்."

"நீ நின்னா நானும் நிப்பேன்."

"விளையாடாத. போ."

"ஒடையாதுன்னு சொன்னல்ல? அப்புறம் என்ன பயம்?"

பீடத்துக்கும் தரைக்கும் நடுவில் ஒரு விரல் அகலம் வெளிச்சம் தெரிந்தது. கல் என் உள்ளங்கைக்கு அடியில் லேசாக அதிர்ந்தது. அது கிரேன் இன்ஜினின் அதிர்வா, உள்ளே பசை கிழியும் அதிர்வா என்று பிரித்தறிய முயன்றேன். இத்தனை வருடம் கல்லைத் தடவிய கைக்கு அது தெரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. சாகப் பயமாக இருந்தது, சொல்வதற்கென்ன. மேஸ்திரி எங்களைத் திட்டுவதா, வழக்கம் என்று விடுவதா என்று ஒரு கணம் தயங்கி, பிறகு மேலே தூக்கச் சொல்லிக் கையை உயர்த்தப் போனார்.

"நிறுத்துங்க!" அக்காவின் குரல் கீச்சென்று வந்தது. "எறக்குங்க! எறக்குங்க அவனை! உள்ள ஒட்டு இருக்கு!"

மேஸ்திரியின் கை அப்படியே நின்றது. அடுத்து அவர் ஊதிய விசிலைப் போல ஒரு விசிலை நான் கேட்டதில்லை. வெளிச்சம் மறைந்தது. சோம்பேறி பழையபடி உட்கார்ந்தான்.

பொறியாளர் ஓடி வந்தார். நம்பவில்லை. "எங்க மேடம்? தெரியலையே. நானே பார்த்தேனே, சுத்தமா இருக்கே" என்றார். அக்கா ஒரு வாளி தண்ணீர் கேட்டாள். தானே வாங்கி அவன் முதுகிலும் இடுப்பிலும் வீசி ஊற்றினாள். தண்ணீரைக் குடித்துக் கல் கறுத்தது. பசை குடிக்காது. கறுப்புக்கு நடுவில் வெளிறிய கோடு ஒன்று இடுப்பிலிருந்து விலாவரை மெல்லத் தெரிய ஆரம்பித்தது. அவ்வளவு நீளம் என்று நானே மறந்து போயிருந்தேன். பொறியாளர் அந்தக் கோட்டையே விரலால் தொட்டுக்கொண்டு போனார். பெல்ட் இருந்த இடத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"கையெழுத்துப் போட்டீங்களே மேடம்."

"பொய்க் கையெழுத்து" என்றாள் அக்கா. "மிச்சத்தையும் சொல்லிடறேன், எழுதிக்குங்க. இவன் உக்கார வேண்டியவனே இல்ல. நிக்க வேண்டியவன். கல்லு ஒடஞ்சுபோச்சு, அதான் உக்காந்தான்."

கூட்டத்தில் பாதிப் பேர் போனை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். அவள் அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டேதான் சொன்னாள்.

பிறகு எங்களை யாரும் கவனிக்கவில்லை. பொறியாளர் போனில் மேலதிகாரியிடம் பேசிக்கொண்டிருந்தார். மேஸ்திரி எங்கள் பக்கம் திரும்பாமலேயே பெல்ட்டுகளைச் சுருட்டினார். நாங்கள் இருவரும் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தோம். ஹெல்மெட் இன்னும் அக்காவின் தலையில் இருந்தது. நான் அவளைக் கட்டிப்பிடித்திருக்க வேண்டும். எனக்கு வந்ததென்னவோ கோபம்.

"எனக்காகத்தானே நிறுத்தச் சொன்ன?"

அவள் ஹெல்மெட்டின் வாரை நெருடிக்கொண்டிருந்தாள்.

"நான் வரலைன்னா சொல்லியிருக்க மாட்ட. அந்த ரெண்டு பேரும் மொதல்லேர்ந்து அங்கதானே நின்னாங்க? அவங்க உன் கண்ணுல படவே இல்லையா?"

"பட்டாங்க" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். நான் இன்னும் நாலு வார்த்தை கேட்க வாயெடுத்தேன். அப்போதுதான் எனக்கே உறைத்தது. அந்த நரைத்த மீசைக்காரரின் தோளை உரசிக்கொண்டு போனவள் நான். 'விலகுங்க' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். கல் விழுந்திருந்தாலும் அந்த ஆள் பிழைக்க அந்த ஒரு சொல் போதும். நான் அவரைப் பார்க்கவே இல்லை. என் அக்கா செத்துப்போய்விடுவாள் என்பது மட்டும்தான் எனக்கு இருந்தது. அவளாவது பார்த்தாள்.

வெயில் ஏறிவிட்டது. கயிற்றைத் தோளில் சுருட்டிப் போட்டுக்கொண்டு அவர்தான் எங்களை நோக்கி வந்தார். கையில் இரண்டு தண்ணீர் பாட்டில். ஆளுக்கொன்று கொடுத்தார். எங்கள் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"மேஸ்திரி கோவமா இருக்காரு. ரெண்டு நாள்ல சரியாயிடுவாரு" என்றார். "நான் முப்பது வருஷமா கயிறு புடிக்கிறேன்மா. எத்தனையோ தூக்கியிருக்கோம். எடையைக் கொறச்சுச் சொல்லுவாங்க, ஒடசலை மறைச்சுடுவாங்க. நம்ம ஆளு ஒருத்தன் அப்படித்தான் போனான். இவ்ளோ கூட்டத்துக்கு முன்னாடி, பேரு போனாலும் போகட்டும்னு, எங்களுக்காக நிறுத்தச் சொன்னீங்க பாருங்க..."

அவர் கயிற்றைத் தரையில் வைத்துவிட்டு, அக்காவைப் பார்த்து இரண்டு கையும் கூப்பினார். அப்புறம் என்னையும் பார்த்துக் கூப்பினார்.

அக்கா பாட்டிலைக் கீழே வைத்தாள். அது உருண்டு சாக்கடைப் பக்கம் போனது, யாரும் எடுக்கவில்லை.

"நான் உங்களுக்காகச் சொல்லலப்பா" என்றாள்.

அவர் சிரித்தார். "பெரியவங்க இப்படித்தாம்மா பேசுவீங்க" என்றார்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நீயாவது சொல்லேன் என்று கேட்கும் பார்வை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் எழுந்து, கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, மற்றவர்களோடு லாரியில் ஏறப் போனார்.